கல்யாண ஆல்பத்துல யாரைக் காணோம்?

போன வருஷம் எங்க அக்கா கல்யாணம். அதுக்கு ஆறு மாசம் முன்னாடியிருந்தே வீட்டுல நடந்த பேச்சுல பாதி போட்டோவைப் பத்திதான். எந்தப் பட்டு கேமராவுல எடுப்பா தெரியும், பேஷியல் எத்தனை நாளைக்கு முன்னாடி பண்ணணும், டிரோன் வேணுமா வேணாமான்னு ஒரே பஞ்சாயத்து. பி.காம் படிக்கிற பாவத்துக்கு, கொட்டேஷன் ஒப்பிடுற வேலை என் தலையில. மூணு இடத்துல கேட்டு, அழகா கட்டம் போட்டு அப்பாகிட்ட நீட்டினேன். எத்தனை கேமரா, எத்தனை பக்க ஆல்பம், எத்தனை நாள்ல தருவாங்க, எல்லாம் அதுல இருந்துச்சு. 85 ஆயிரத்துக்குப் பேசி முடிச்சோம்.

யாரை எடுக்கணும்ங்கிறதுக்கு மட்டும் அந்தக் கட்டத்துல இடமே இல்லை. அப்போ அது யாருக்கும் தோணலை.

கல்யாணப் போட்டோ நல்லா வரணும்னா என்ன பண்ணணும்னு தேடிப் பாருங்க, முக்கால்வாசி முகப்பூச்சைப் பத்திதான் இருக்கும். அது தேவையில்லைன்னு சொல்ல வரலை. அக்காவோட ரிசப்ஷன் படத்துல முகம் மட்டும் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளை, கழுத்து வேற கலர். சில பவுடர், சன் ஸ்கிரீன் எல்லாம் பிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்குமாம். கண்ணாடியில பார்க்கும்போது ஒண்ணும் தெரியாது. முன்கூட்டியே ஒரு நாள் மேக்கப் போட்டு, பிளாஷ் போட்டு ஒரே ஒரு படம் எடுத்துப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும். செலவு பூஜ்யம்.

அதைவிடப் பெரிய வில்லன் மேடை லைட்டு. ஊதாவும் ரோஸுமா கலர் லைட்டை ஆள் மேல அடிச்சுட்டா, பிறகு எந்த சாப்ட்வேரை வச்சும் முகத்தோட நிஜ நிறத்தைக் கொண்டு வர முடியாது. கலர் லைட்டைப் பின்னாடி இருக்குற துணிக்கு அடிங்க, முகத்துக்கு சாதாரண வெள்ளை லைட்டே போதும்னு டெக்கரேஷன்காரர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். நாங்க சொல்லலை. மாப்பிள்ளையோட தாய்மாமா ஆல்பம் பூராவும் கத்திரிக்கா கலர்ல நிக்கிறார், பாவம்!

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். சிரிக்க முடியாத ஒண்ணு இருக்கு.

எங்க அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. மேடைப் படி ஏற முடியாது. காலையில 5 மணியிலிருந்து மணமகள் அறையில ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார்ந்துக்கிட்டு, வர்றவங்க போறவங்களை எல்லாம் "சாப்டீகளா"ன்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அக்கா ரெண்டு தடவை போட்டோகிராபர்கிட்ட சொன்னா, அப்பத்தாவோட ஒண்ணு எடுக்கணும்னு. "பிறகு எடுத்துக்கலாம்மா, முகூர்த்தத்துக்கு நேரமாச்சு"ன்னார். தாலி கட்டி முடிஞ்சதும் மேடையில வரிசை ஆரம்பிச்சிடுச்சு. பரிசு கொடுக்குறவங்க, கவர் கொடுக்குறவங்க, அப்பாவோட ஆபீஸ்காரங்கன்னு மூணு மணி நேரம் நின்ன இடத்தை விட்டு அக்கா அசையலை. அப்பத்தாவை யாரோ கார்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அவரைக் குத்தம் சொல்லலை. அவருக்கு எங்க அப்பத்தா யாருன்னு எப்படித் தெரியும்? சொல்ல வேண்டிய நாங்கதான் எழுதிக் கொடுக்கலை.

ஏழு மாசம் கழிச்சு அப்பத்தா இறந்துட்டாங்க. கண்ணீர் அஞ்சலி பிளக்ஸுக்கு நல்ல படமா ஒண்ணு கொடுங்கன்னு கடைக்காரர் கேட்டார். பென் டிரைவைச் சொருகி 5,200 படத்தையும் நானும் அக்காவும் பார்த்தோம். மாலையை மட்டும் அறுபது கோணத்துல எடுத்திருக்காங்க. செருப்பு, மருதாணி, மோதிரம், பத்திரிகை மேல மோதிரம்னு என்னென்னமோ இருக்கு. அப்பத்தா ஒரே படத்துல, அம்மாவோட தோளுக்குப் பின்னாடி, பாதி முகம். கடைசியில ஆதார் கார்டுல இருந்த படத்தைப் பெருசு பண்ணித்தான் ஒட்டினோம்.

அன்னைக்கு மொய் எழுதினது நான். 50 ரூபா வச்ச ஆளுக்கும் ஊர், பேர், இனிஷியலோட நோட்டுல கணக்கு இருக்கு. கூட்டல் ரெண்டு தடவை சரிபார்த்தேன். யார் வந்தாங்கங்கிறதுக்கு இவ்வளவு சுத்தமா கணக்கு வைக்கிற நாம, போட்டோவை மட்டும் ஏன் வந்தபடி வரட்டும்னு விட்டுடுறோம்?

அதனால எனக்குத் தெரிஞ்ச தயாரிப்பு ஒரு தாள்தான். பத்துப் பதினஞ்சு பேர், முறையோட. வயசானவங்க, நடக்க முடியாதவங்க மேல. மேடைக்கு வர முடியாதவங்க எங்க இருப்பாங்கன்னு பக்கத்துலயே எழுதணும். அந்தத் தாளை வச்சுக்கிட்டு போட்டோகிராபர் கூடவே நிக்க, எல்லாரையும் அடையாளம் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும் (வாயாடியா இருந்தா நல்லது). முகூர்த்தத்துக்கு அரை மணி முன்னாடியே பொண்ணு ரெடியாகிடணும். அந்த அரை மணி இந்தத் தாளுக்கு. பகல் வெளிச்சம் இருந்தா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார வச்சாலே போதும், பிளாஷே வேணாம்.

பணம் செட்டில் பண்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். பிசினஸ் லா படிச்சதுல இது ஒண்ணுதான் வீட்டுக்கு உதவுச்சு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 17 என்ன சொல்லுதுன்னா, காசு கொடுத்து நாம எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேற ஒப்பந்தம் இல்லைன்னா, முதல் உரிமையாளர் நாமதான். ஆனா பில்லுக்குப் பின்பக்கம் பொடி எழுத்துல அந்த "வேற ஒப்பந்தம்" இருக்கலாம், படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க. எல்லாப் படத்தையும் கேட்டு வாங்கி ரெண்டு இடத்துல வைங்க. ஆல்பத்துக்குத் தேறாதுன்னு அவங்க ஒதுக்கி வச்ச படத்துலதான் எங்க அப்பத்தாவோட அந்தப் பாதி முகம் கிடைச்சுது.

வர்ற தையில சித்தப்பா பொண்ணுக்குக் கல்யாணம். தாள் எழுதியாச்சு. முதல் பேரு அவளோட அம்மாச்சி, இடம்: கீழே, மின்விசிறிக்குப் பக்கத்துல. மொய் எழுத வேற ஆளைப் பாருங்கன்னு சித்தப்பாகிட்ட சொல்லிட்டேன். போட்டோகிராபர் கூட நிக்கப் போறது நான்.