கடனுக்கு ஒரு வட்டி, ரகசியத்துக்கு ஒரு வட்டி



"எனக்கு 6 லட்சம் கடன் இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது." ராத்திரி ஒரு மணிக்கு, பேர் இல்லாத ஒரு அக்கவுன்ட்ல இருந்து, முகம் தெரியாத ஆட்கள்கிட்ட இப்படி எழுதுறவங்க இன்னைக்கு நிறைய பேர். எழுதி முடிச்சதும் மனசு கொஞ்சம் லேசாகும். காலையில எழுந்தா அதே இஎம்ஐ மெசேஜ் போன்ல நிக்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். பேர் சொல்லாம கொட்டித் தீர்க்கிறது தப்பில்ல. ஆனா அதோட நிறுத்திட்டா அது பெரிய பண நஷ்டம். ஏன்னா, மறைச்சு வாங்குற கடன் பெரும்பாலும் வீட்டுக்குத் தெரிஞ்சு வாங்குற கடனை விட விலை அதிகம். அந்தக் கூடுதல் காசு கடனுக்குப் போற வட்டி இல்ல, ரகசியத்துக்குப் போற வட்டி. ராமநாதபுரம் கடற்கரையை வச்சு இதைச் சொன்னா சுலபமா புரியும்.

கரைக்கே தெரிஞ்ச கடன்

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் கடன் இல்லாத படகைப் பார்க்கிறது கஷ்டம். டீசலுக்கு, ஐஸுக்கு, வலைக்குன்னு மீன் வியாபாரிகிட்ட முன்பணம் வாங்குவாங்க. அதுக்குப் பதிலா, பிடிச்சுட்டு வர்ற மீனை அவருக்குத்தான் போடணும். அவர் கமிஷன் பிடிச்சுக்குவார், விலையிலயும் அவர் கை ஓங்கியிருக்கும். ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டுச் செலவு நிக்காது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயில இருந்து 8,000 ஆக்குறதா 2023 ஆகஸ்ட்ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுலதான் முதல்வர் அறிவிச்சார். ரெண்டு மாசத்துக்கு 8,000 எந்த மூலைக்கு? அதனால நகை அடகுக்குப் போகும். இலங்கைக் கடற்படை படகைப் பிடிச்சுட்டா இன்னும் மோசம். படகு அங்க நிக்கும், கடன் இங்க நிக்கும்.

இது நல்ல கடன்னு நான் சொல்லவே இல்ல. முன்பணம் மீனவரை ஒரே வியாபாரிகிட்ட கட்டிப் போடுது. ஆனா ஒண்ணு கவனிங்க. இந்தக் கடன் யாருகிட்ட, எவ்வளவுன்னு பொண்டாட்டிக்குத் தெரியும், அண்ணன் தம்பிக்குத் தெரியும், ஏலம் நடக்கிற கரைக்கே தெரியும். அடுத்த சீசன்ல எதை மீட்கிறது, எதைத் தள்ளிப் போடுறதுன்னு குடும்பமா உட்கார்ந்து பேச முடியும்.

அந்த வீட்டுல படிச்சு, சென்னையிலயோ கோயம்புத்தூர்லயோ மாசச் சம்பளத்துக்குச் சேர்ந்த பையனைப் பாருங்க. அப்பாவோட கடன் ஊருக்கே தெரியும். பையனோட கடன் அவன் போனுக்கு மட்டும்தான் தெரியும். கிரெடிட் கார்டு, பே லேட்டர், லோன் ஆப், எல்லாம் ஒரு பாஸ்வேர்டுக்குள்ள. பேங்குக்கு நடந்து போகணும்னு இல்ல, ஜாமீன் கையெழுத்து கேட்க ஆள் தேடணும்னு இல்ல. நமக்கு இது வசதின்னு தோணுது. ஆனா ஜாமீன் கேட்கப் போற இடத்துல "எதுக்குடா இவ்வளவு?"னு கேட்க ஒரு ஆள் இருந்தார். இப்ப அந்த ஆள் இல்ல.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

ஒரு லட்சம் ரூபாய் அவசரமா வேணும். ரெண்டு வழி எடுத்துக்குவோம்.

வழி ஒண்ணு: வீட்டுல சொல்லி, நகையை பேங்க்ல வச்சு நகைக்கடன். வருஷத்துக்கு 10 சதவீதம்னு வச்சுக்குங்க. வருஷ வட்டி 10,000 ரூபாய்.

வழி ரெண்டு: வீட்டுக்குத் தெரியக்கூடாது. நகையை எடுத்தா அம்மாவோ மனைவியோ கேட்பாங்க. அதனால கிரெடிட் கார்டு. பில்லை முழுசா கட்டாம உருட்டினா மாசத்துக்கு 3.5 சதவீதம்னு வச்சுக்குவோம். வட்டி 3,500, அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டி 630. மொத்தம் 4,130. அசல் குறையாம ஒரு வருஷம் ஓடினா 49,560 ரூபாய்.

தேவைப்பட்ட தொகை ஒண்ணுதான். வித்தியாசம் 39,560 ரூபாய். இதைத்தான் நான் ரகசிய வட்டின்னு சொல்றேன்.

கார்டு லிமிட்டும் முடிஞ்சா அடுத்து பேர் தெரியாத லோன் ஆப். உதாரணத்துக்கு, 5,000 ரூபாய் கடன்னு சொல்லி, "பிராசஸிங் பீஸ்" பிடிச்சுக்கிட்டு 3,500 கையில தருவான். 7 நாள்ல 5,000 கட்டணும். வாங்கின 3,500-க்கு ஒரே வாரத்துல 1,500. அதாவது வாரத்துக்கு கிட்டத்தட்ட 43 சதவீதம்! நம்ம ஊர்ல பத்து வட்டின்னு கேட்டாலே பதறுவோம், அது மாசத்துக்கு 10 சதவீதம்தான். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாத்தையும் 2003-லயே தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடை பண்ணிருச்சு. அதே கந்துவட்டி இப்ப போன் வழியா வருது. அது நுழையற கதவு நம்ம ரகசியம்.

அவன் கையில இருக்கிற ஒரே ஆயுதம்

இந்த மாதிரி ஆப் எப்படி மிரட்டும்? "உன் கான்டாக்ட் லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்பிருவேன்." கவனிங்க, கோர்ட்டுக்குப் போவேன்னு சொல்ல மாட்டான். உங்க அப்பாவுக்குச் சொல்லிருவேன்னுதான் சொல்வான். அப்பாவுக்கு ஏற்கனவே தெரியும்னா அந்த மிரட்டலுக்குப் பாதி பலம்தான்.

மீதிப் பாதிக்கு விதிகள் இருக்கு. டிஜிட்டல் கடன் கொடுக்கிற ஆப் உங்க கான்டாக்ட் லிஸ்ட், போட்டோ, கால் லாக்கைத் தொடக்கூடாதுன்னு ரிசர்வ் வங்கி 2022-ல இருந்தே சொல்லுது. வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்னாடியோ ராத்திரி 7 மணிக்கு மேலயோ போன் பண்ணக்கூடாது. கடனை மிரட்டி வசூலிக்கிறதைக் குற்றமாக்கி 2025-ல தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டு வந்திருக்கு. ஆனா இந்த விதி எதையும் ரகசியமா பயன்படுத்த முடியாது. புகார் கொடுக்கணும்னா, கடன் இருக்குன்னு முதல்ல வாய் திறக்கணும்.

ஆன்லைன் ரம்மி கதையும் இதேதான். நீதிபதி சந்துரு குழு 2022 ஜூன்ல அறிக்கை கொடுத்துச்சு, அந்த வருஷமே தடைச் சட்டம் வந்துச்சு, கோர்ட் ரம்மிக்கான தடையை நீக்குச்சு. 2025 பிப்ரவரியில ராத்திரி 12-ல இருந்து காலை 5 மணி வரை காசு வச்சு விளையாடக் கூடாதுன்னு மாநில அரசு விதி போட்டுச்சு. வீடு தூங்குற நேரம் எதுன்னு அரசுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆகஸ்ட்ல மத்திய அரசு காசு வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டு எல்லாத்தையும் தடை பண்ற சட்டம் கொண்டு வந்துச்சு. சட்டத்தால ஆப்பை மூட முடியும். ஏற்கனவே விட்ட காசுக்கு வாங்கின கடனை உங்களுக்காக வீட்டுல சொல்ல முடியாது.

தீர்த்தத்துல முங்கினா கடன் போகுமா?

பாரத்தை இறக்கி வைக்கிறதுக்குன்னே நாடு முழுக்க ஜனங்க தேடி வர்ற ஊர் ராமேஸ்வரம். அக்னி தீர்த்தத்துல முங்கி, கோயிலுக்குள்ள 22 தீர்த்தத்துலயும் குளிச்சு, நிம்மதியா திரும்புவாங்க. பக்கத்துல தங்கச்சிமடம், பாம்பன் தேவாலயங்கள்ல பாவசங்கீர்த்தனம் இருக்கு. திரைக்குப் பின்னாடி சொல்றது, சாமியார் வெளியே சொல்ல மாட்டார். பேர் சொல்லாத ஒப்புதலுக்கு இது எவ்வளவு பழைய ஏற்பாடு! ஆனா அங்கயும் அடுத்தவன் பொருளை எடுத்திருந்தா திருப்பிக் கொடுக்கணும்னுதான் சொல்லிக் கொடுக்கிறாங்க. சொன்னது பாதி, சரி பண்றது மீதி. ராத்திரி ஒரு மணிக்கு முகம் தெரியாதவங்ககிட்ட எழுதுறதுல அந்த மீதிப் பாதி இல்ல.

எல்லா ரகசியமும் கெட்டதா?

இல்ல. அஞ்சறைப்பெட்டியில அம்மா ஒளிச்சு வச்ச காசு எத்தனை பேரோட காலேஜ் பீஸைக் கட்டியிருக்கு! குடிக்கிற புருஷன், அடிக்கிற வீடுன்னா பெண்கள் தனியா ஒரு சேமிப்பு வச்சிருக்கணும்னுதான் நானும் சொல்வேன். ரகசியச் சேமிப்பு ஒரு பாதுகாப்பு. ஒரே நிபந்தனை, நம்பிக்கையான ஒருத்தரை நாமினியா போட்டு அவர்கிட்ட சொல்லி வைங்க. ரகசியக் கடன் அப்படி இல்ல, அது வளர்ந்துட்டே போகும். வீட்டுல சொன்னா உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா வீட்டுல சொல்ல வேண்டாம். அக்கா, மாமா, பழைய நண்பர், யாராவது ஒருத்தர். யாருமே இல்லாம இருக்கக் கூடாது.

எப்படிச் சொல்றது?

1. முதல்ல பேப்பர்ல எழுதுங்க. யாருக்கு, எவ்வளவு பாக்கி, என்ன வட்டி, எந்த தேதி. மறந்து போன கடனும் இருக்கும், அதனால கிரெடிட் ரிப்போர்ட் எடுங்க. ஒவ்வொரு கிரெடிட் நிறுவனத்துக்கிட்டயும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசம்.

2. முழுத் தொகையைச் சொல்லுங்க. இதுதான் முக்கியம். 6 லட்சத்தை 2 லட்சம்னு சொன்னா, வீட்டுல நகையை வித்து அந்த 2 லட்சத்தை அடைப்பாங்க. மீதி 4 லட்சம் வெளிய வரும்போது நகையும் இருக்காது, நம்பிக்கையும் இருக்காது. பாதி உண்மை முழுப் பொய்யை விட செலவு அதிகம்.

3. புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கிறதை நிறுத்துங்க. வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்சு, அதிக வட்டிக் கடனைக் குறைஞ்ச வட்டிக் கடனா மாத்துறது மட்டும் விதிவிலக்கு.

4. வட்டி அதிகமான கடனை முதல்ல அடைங்க.

5. ஆப் மிரட்டினா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சு சைபர் கிரைம் 1930-க்கு போன் பண்ணுங்க.

6. ராத்திரி தாங்க முடியலையா? 14416, டெலி மானஸ். தமிழ்லயே பேசலாம், இலவசம். பேர் சொல்லாம பேசணும்னா பயிற்சி எடுத்தவங்ககிட்ட பேசுங்க. அடுத்து என்ன செய்யலாம்னு அவங்க கேட்பாங்க.

வீட்டுல திட்டு விழும், அழுகை இருக்கும், கொஞ்ச நாள் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. அது எல்லாம் ஒரு தடவை கட்டுற தொகை. ரகசியத்துக்கு மாசாமாசம் கட்டணும், க்ளோசிங் டேட்டும் கிடையாது. இந்த மாசச் சம்பளம் வர்றதுக்குள்ள அந்தப் பேப்பரை எழுதிடுங்க. அடுத்த வீடியோல அந்த லிஸ்ட்டை வச்சு கடன் அடைக்கிற பிளான் எப்படிப் போடுறதுன்னு பார்க்கலாம்.