பார்வையற்ற உழைப்பாளிக்குக் காவல் எது?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பார்வையற்றோருக்கும் துப்பாக்கி லைசென்ஸ் கொடுக்கிறார்கள் என்று 2013-ல் செய்தி வெளிவந்தது. தற்காப்பு உரிமை அவர்களுக்கும் உண்டு, ஐயமில்லை. ஆனால் துப்பாக்கி ஏழையைக் காக்குமா? 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணியில் அது பண்ணையார் கூட்டத்தின் கையிலல்லவா இருந்தது! கருகி மாண்டோர் 44 பேர், நம் விவசாயத் தொழிலாளர் குடும்பத்தினர்.

அப்படியானால் காவல் எது? பாச்சலூர் மலையில் பார்வையற்ற கூலித் தொழிலாளியை இழிவுபடுத்தும் நோக்கில் ஒருவன் தாக்கினால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆவது பிரிவுப்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. இலவச சட்ட உதவி உண்டென்று அவருக்கு எடுத்துச் சொல்வது போலீசின் கடமை என்கிறது 7-ஆவது பிரிவு.

சட்டம் ஏட்டில் தூங்கினால் யாருக்கு லாபம்? அதைத் தட்டியெழுப்ப வல்லது சங்கமே! பார்வையற்ற தோழரையும் சங்கத்தில் சேர்ப்பீர்! அவர் புகார் கொடுக்கப் போகும்போது பத்துப் பேராய் உடன் செல்வீர்!