இளங்குதிரையின் வயிறு: திருச்சுழி வட்டாரக் குதிரை வளர்ப்போரின் நிலைப்பாடு

வயிற்று வலியில் புரளும் குதிரைக் குட்டிக்கு முதலில் என்ன செய்வது? திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பக்கம் இதற்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஒருவர் ஓமத் தண்ணீர் என்பார், இன்னொருவர் பெருங்காயம் கரைத்த மோர் என்பார், மூன்றாமவர் மெடிக்கலுக்கு ஓடி வலி ஊசி வாங்கி வருவார். மருத்துவர் பார்க்கும் முன் இவற்றில் எதையும் கொடுக்கக் கூடாது என்பது வட்டாரக் குதிரை வளர்ப்போர் சங்கத்தின் நிலைப்பாடு. அதைவிட அழுத்தமாகச் சங்கம் சொல்ல விரும்புவது வேறொன்று. இந்த மானாவாரிச் சீமையில் இளங்குதிரையின் வயிற்று நோய் பெரும்பாலும் தீவனத்திலும் தண்ணீரிலும் மண்ணிலும்தான் தொடங்குகிறது. வைத்தியத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் கொட்டிலைத் திருத்த வேண்டும்.

பாண்டிய நாட்டுக்கு இது புதுச் சங்கதி அல்ல. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் கடல் கடந்து காயலில் வந்திறங்கிய குதிரைகள் இங்கே கொத்துக் கொத்தாகச் செத்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். ஆண்டுக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கும் அரசனிடம் ஆண்டு முடிவில் 100கூட மிஞ்சாது என்பது அவர் கணக்கு. வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் குதிரைக்குப் போடுகிறார்கள் என்கிறார். சற்றுப் பின்னே எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாஃப், வறுத்த பார்லியும் வெண்ணெய் சேர்த்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாகக் குறிப்பிடுகிறார். எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை. வணிகர் வாய்ப்பேச்சும் அதில் கலந்திருக்கும். ஆனால் சோறு இன்றும் கொட்டிலை விட்டுப் போகவில்லை. கல்யாண வீட்டில் மிஞ்சியதும் அன்னதானத்தில் மீந்ததும் அண்டாவோடு குதிரைக்கு முன் வருகின்றன. பந்தயத்துக்குப் பழக்கும் குட்டிக்குப் பாலும் முட்டையும் ஊட்டினால் வேகம் வரும் என்ற நம்பிக்கையும் சில கொட்டில்களில் இருக்கிறது. பாசத்தால்தான் செய்கிறார்கள். அந்தப் பாசமே குட்டியைக் கொல்லக் கூடும் என்பதால் சங்கம் இதை ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது.

குதிரை மாட்டைப் போல அசைபோடும் பிராணி அல்ல. வளர்ந்த குதிரையின் இரைப்பையே 8 முதல் 15 லிட்டர்தான் கொள்ளும். அதற்கு வாந்தி எடுக்க முடியாது. உள்ளே உப்பினால் வெளியேற வழியில்லாமல் இரைப்பை கிழிந்தே போகலாம். நாரைச் செரிக்கும் வேலை பின்குடலில், அங்கே வாழும் நுண்ணுயிர்களால் நடக்கிறது. ஒரே நேரத்தில் சோறோ தானியமோ மிகுதியாகப் போனால் மாவுச்சத்து செரிக்காமல் பின்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். வயிற்று வலியும் கழிச்சலும் வரும். குளம்பில் அழற்சி கண்டு நடக்க முடியாமலும் போகும்.

ஆகவே குட்டியின் முதல் உணவு நார். 100 கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 2 கிலோ அளவுக்காவது உலர்ந்த புல்லோ தட்டையோ வேண்டும். அதையும் பல வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். கொள்ளு துணை உணவு மட்டுமே. ஊறவைத்து, வேகவைத்து, அளவோடு கொடுக்கலாம். எந்தத் தீவனத்தை மாற்றினாலும் 7 முதல் 10 நாட்களில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். அந்தியூர் குருநாதசுவாமி கோயில் ஆடிச் சந்தையில் வாங்கிய குட்டியை இரவெல்லாம் வண்டியில் ஏற்றிவந்து, மறுநாள் காலையில் புதுத் தீவனத்தைக் குவித்து வைப்பது வயிற்று நோயைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான். விற்பவர் என்ன போட்டு வளர்த்தார் என்று கேட்டு, அதில் ஒரு மூட்டையையும் சேர்த்து வாங்கி வர வேண்டும்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. கோடையில் சீமைக்கருவேல நெத்து உதிர்ந்து கிடக்கும். இனிப்புக்காகக் குட்டி அதை விரும்பித் தின்னும். ஆடு தின்றால் ஒன்றும் ஆவதில்லையே என்று விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவின் தென்மேற்கு வறண்ட நிலங்களில் இதே இனத்து மரங்களின் நெத்தைத் தின்ற குதிரைகளுக்குக் குடலடைப்பு வருவது அங்குள்ளவர்களுக்குப் பழகிய செய்தி. நெத்து உதிரும் மாதங்களில் குட்டியைக் கருவேலங்காட்டில் அவிழ்த்துவிடக் கூடாது. நீண்ட வறட்சிக்குப் பின் மழை கண்டு துளிர்த்த இளஞ்சோளத்திலும் நஞ்சு இருக்கும். அந்தப் பக்கமும் விடக் கூடாது.

அடுத்தது மண். வேரோடு பிடுங்கிய கடலைக்கொடியை உதறாமல் தரையில் போட்டால், ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் மண் உள்ளே போய்ப் பெருங்குடலில் தங்குகிறது. குண்டாற்று மணலில் கட்டிப்போட்டுத் தீனி வைத்தாலும் இதே கதைதான். சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். தரையில் படாத லத்தி உருண்டை ஐந்தாறு எடுத்து, கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் விட்டுக் கரைத்து, கால் மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். நார் மேலே நிற்கும், மணல் அடியில் வெளிறிய கோடாகப் படியும். ஒரு தேக்கரண்டி அளவு படிந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். படியாவிட்டாலும் மணலே இல்லை என்று முடிவு கட்ட முடியாது. தீவனத்தை உயர்ந்த தொட்டியில் வைப்பதே பாதுகாப்பு.

தண்ணீர் 100 கிலோ எடைக்கு 5 லிட்டராவது தேவை. வெயில் காலத்தில் இருமடங்காகும். ஊருணி வற்றும் மாதங்களில் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி என்று கணக்குப் பார்ப்பவர்களிடம்தான் லத்தி இறுகிக் குடல் அடைத்த குட்டிகள் அதிகம்.

பால் குடிக்கும் குட்டியின் கதை வேறு. பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் சீம்பால் உள்ளே போயாக வேண்டும். 24 மணி நேரம் கழிந்தால் அதிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சாது. ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் வரும் லேசான கழிச்சல் பல குட்டிகளுக்குத் தானாகவே நிற்கும். குட்டி தாயின் லத்தியைத் தின்றாலும் பதற வேண்டாம், அது இயல்பு. கவனிக்க வேண்டியது தாயின் மடியை. மடி விம்மிப் பால் சொட்டுகிறது, குட்டியின் நெற்றியில் பால் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்றால், குட்டி மடிக்குக் கீழே நிற்கிறதே தவிர குடிக்கவில்லை. கழிச்சலோடு இதையும் கண்டால் அன்றைக்கே மருத்துவம் வேண்டும். இளங்குட்டியின் உடம்பில் நீர் வற்றச் சில மணி நேரம் போதும்.

இரண்டு வயதுக்கு உட்பட்டவற்றைப் பெரிதும் வாட்டுவது உருண்டைப்புழு. ஒரு சாணுக்கு மேல் நீளும் இந்தப் புழுவின் முட்டை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வயிறு பருத்து மயிர் சொரசொரத்த குட்டிக்கு வீரியமான மருந்தை ஒரேயடியாகக் கொடுத்தால், செத்த புழுக்கள் பந்தாகத் திரண்டு குடலையே அடைக்கும். லத்தியைப் பரிசோதித்த பிறகு, மருந்தையும் அளவையும் மருத்துவர் முடிவு செய்யட்டும். மாட்டுக்கு வாங்கிய ஊசியைக் குதிரைக்குப் போடவே கூடாது.

பாட்டிலாலோ மூங்கில் குழாயாலோ மருந்து புகட்டுவதைச் சங்கம் முற்றிலும் எதிர்க்கிறது. தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால், வயிற்று வலியோடு வந்த குட்டி நிமோனியாவில் போய்விடும். மருத்துவர் மூக்கு வழியாக இரைப்பைக்குள் குழாய் விடுகிறார். தேங்கிய காற்றும் நீரும் அதன் வழியே முதலில் வெளியேறும், மருந்து அதன் பிறகுதான். வலி ஊசியையும் வீட்டில் போடக் கூடாது. அது வலியை மறைக்கும், அடைப்பை நீக்காது. திரும்பத் திரும்பப் போட்டால் இரைப்பையில் புண் வரும். நீர் வற்றிய குட்டிக்குச் சிறுநீரகமும் கெடும்.

மருத்துவர் வரும்வரை தீவனத்தை எடுத்துவிட வேண்டும். குட்டி விழுந்து புரண்டால் மெல்ல நடத்தலாம். கடைசியாக லத்தி போட்ட நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். விலாவில் காதை வைத்தால் கடகடவென்று சத்தம் கேட்கும். ஒன்றுமே கேட்காவிட்டால் நிலைமை மோசம். ஒரு வயது தாண்டிய குதிரைக்கு ஓய்வில் நாடி நிமிடத்துக்கு 30 முதல் 45 வரை இருக்கும். 60ஐத் தாண்டினால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது.

அரசிடமும் கேட்க வேண்டியது உண்டு. 2012 கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 6.25 லட்சமாக இருந்த குதிரைகளும் மட்டக்குதிரைகளும் 2019இல் 3.4 லட்சமாகக் குறைந்துவிட்டன. மாட்டையும் ஆட்டையும் நாள்தோறும் பார்க்கும் ஊர் மருத்துவருக்குக் குதிரையைத் தொட்டுப் பழகும் வாய்ப்பே அரிது. அது அவர் குற்றம் அல்ல. 1962 என்ற எண்ணில் அழைத்தால் வரும் கால்நடை மருத்துவ ஊர்தியில் குதிரைக்கும் குட்டிக்கும் ஏற்ற இரைப்பைக் குழாய்கள் இருக்க வேண்டும். திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இந்த வட்டார மருத்துவர்களுக்குக் குதிரை வயிற்று நோயில் குறுகிய காலப் பயிற்சி தர வேண்டும். ஆறு மாதம் நிறையாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பதைச் சந்தைகளில் நிறுத்த வேண்டும். அரசு உத்தரவு வரும்வரை காத்திராமல், அப்படிப்பட்ட குட்டியை வாங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டைச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு இப்போதே விதிக்கிறது.