இடையறுந்த பணிகளும் கணனியின் கடமையும்

கணனி மறதி அறியாதது என்பர். ஆயின், தரவுத்தளமொன்றின் பராமரிப்புப் பணி இடையில் அறுந்தால், அதனை நினைவிற்கொண்டு மீளத் தொடக்கும் பொறுப்புப் பெரும்பாலும் மனிதன் தலையிலேயே சுமத்தப்படுகின்றது. இது முறையன்று என்பதே எமது வாதம்.

போஸ்ற்கிறெஸ் மென்பொருளை நோக்குக. ஏனையோரின் எழுத்து வேலையைத் தடுக்காது சுட்டியொன்றை அமைக்கும் பணி தோல்வியுற்றால், அரைகுறைச் சுட்டி 'செல்லாதது' என்ற முத்திரையோடு எஞ்சிவிடும். தேடலுக்கு அது உதவாது; ஆயினும் ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் அதன்பொருட்டு உழைப்பு விரயமாகும். எவரேனும் கண்டு களையும்வரை இந்நிலை நீடிக்கும். 2017 ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். சேர்வர், சுட்டி மீளமைப்பை விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதியைத் தந்தது. எனினும் அறுந்த பணியைத் தொடருமாறு மீண்டும் கட்டளையிடல் வேண்டும். பாதை சமைத்தோர் பயணத்தை மறந்தனர் போலும்!

தானாகத் தொடர்வது ஆபத்தென்று வாதிப்போர் உளர். வேலை மிகுந்த வேளையில் அது பயனரை வருத்தும். வட்டில் இடமின்றி அறுந்த பணி மீண்டும் மீண்டும் மோதி வீழும் என்பர். இவ்வச்சங்கள் நியாயமானவை. ஆயின் இவை எவ்வாறு தொடர்வது என்பதைப் பற்றியனவேயன்றி, தொடரலாமா என்பதைப் பற்றியனவல்ல. வேகத்துக்குக் கட்டுப்பாடும் முயற்சிகளுக்கு எல்லையும் விதித்து, எல்லை கடப்பின் எச்சரிக்கை எழுப்பினாற் போதும். நிருவாகி வேண்டுமென்றே நிறுத்திய பணி அவர் சொல்லுக்குக் காத்திருக்கட்டும். விபத்தால் அறுந்த பணிக்கோ அவர் முன்னர் இட்ட கட்டளை இன்னும் உயிருடன் உள்ளது.

இது நடவாத காரியமுமன்று. போஸ்ற்கிறெஸின் பரிவர்த்தனை இலக்கங்கள் 32 பிற்று அளவின. பழையவற்றை உரியவாறு துப்புரவாக்காவிடின், ஏறத்தாழ 200 கோடி பரிவர்த்தனைகளுக்குள் அது புதிய எழுத்தையே ஏற்க மறுக்கும். ஆகவே அத் துப்புரவுப் பணி குலைந்தாலும் எவரும் ஏவாமலே மீள வருகின்றது. 2021 இல் வெளிவந்த மொங்கோ டீ.பி. 5.0, ஒழுங்காக நிறுத்தப்பட்ட பின் மீள இயங்குகையில், சுட்டியாக்கத்தைச் சேமித்த கட்டத்திலிருந்து தானே தொடர்கின்றது. உயிராபத்துக்கு அளித்த கவனிப்பை அன்றாட நோய்க்கு மறுப்பதேன்?

பெருநிறுவனங்கள் இரவுபகலாகக் கண்காணிக்க ஆள் வைத்துக்கொள்ளும். ஒரேயொரு ஊழியருடன் இயங்கும் நூலகமும் மருத்துவமனையும் என் செய்யும்? 2022 மார்ச் இறுதியில் எம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. இத்தகைய சூழலில் பணி அறுவது விதிவிலக்கன்று, எதிர்பார்க்கவேண்டியதொன்று. மென்பொருள் வகுப்போர் அதனை அவ்வாறே கருதி, தானாகத் தொடர்தலை இயல்பு நிலையாக்குதல் வேண்டும். வேண்டாதார் அதனை நிறுத்திவைக்கட்டும்.