மாற்றிய மூட்டில் மாறாத வலி

செயற்கை முழங்கால் மூட்டின் விலைக்கு மத்திய அரசு 2017 ஆகஸ்டில் உச்சவரம்பு விதித்தது. ஆயினும் அது ஏழைக்குப் பெருஞ்செலவே. அச்செலவுக்குப் பின்னும், மூட்டு மாற்றிக்கொண்ட ஐவரில் ஏறத்தாழ ஒருவருக்கு வலி நீடிக்கிறது. வேளாங்கண்ணிக்கு நடந்தே சென்று பழகிய காரைக்கால் முதியோர்க்கு இஃது எத்துணை வேதனை! இவ்வலியை இரத்தம் முன்கூட்டியே காட்டிக்கொடுக்குமா?

அழற்சி உண்டாகுங்கால் கல்லீரல் ஒரு புரதத்தைச் சுரக்கிறது. சோதனைத் தாளில் சி.ஆர்.பி. என்று குறிப்பது அதையே. அறுவைக்குப் பின் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்தை எட்டி, சில வாரங்களில் அது தணிந்துவிடும். தணிந்தது மீண்டும் உயருமாயின், மூட்டினுள் கிருமி புகுந்திருக்கக் கூடும். ஆனால் அது வலியை அளக்கும் கோல் அன்று. நாட்பட்ட வலியுடையோர் பலருக்கு அவ்வளவு சரியாகவே இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் நோவைச் சுமந்த தண்டுவடமும் மூளையும் சிறு தூண்டலையும் பெருவலியாக உணரப் பழகிவிடுவது ஒரு காரணம். ஆகவே, “பாட்டிக்கு வெறும் மனப்பிரமை” என்று வீட்டார் முடிவுகட்டுவது அநியாயம். (மருமக்களைவிடப் பெற்ற பிள்ளைகளே இதை அதிகம் சொல்லுகிறார்கள்!)

அறுவைக்கு முன்பிருந்த வலியின் கடுமை, உடலின் பிற இடங்களிலுள்ள நோவு, மனக்கவலை ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். இரத்தத்தைவிட இவையே இன்றளவும் நன்கு முன்னறிவிக்கின்றன. மூன்று மாதம் கடந்தும் வலி தணியாவிடில் அறுவை செய்தவரிடமே திரும்பச் செல்லுங்கள். காய்ச்சலோ சீழோ கண்டால், எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று காத்திராமல் அன்றைக்கே செல்லுங்கள்.