தவளைக்கு ஹீட்டர் எதுக்கு பாஸ்?

போன ஏப்ரல்ல என் ரூம்மேட் ஒரு தவளைக்குஞ்சு வாங்கிட்டு வந்தான். பேக்மேன் தவளை. உடம்புல பாதி வாய்தான், அந்த வீடியோ கேம் பேரு வந்ததே அதனாலதான். பத்து ரூபா காயினை விடக் கொஞ்சம் பெருசு. கூடவே கண்ணாடித் தொட்டி, அடியில வைக்க ஹீட் மேட், மேல ஒரு சிவப்பு பல்பு. கடையில செட்டாவே கட்டிக் கொடுத்துட்டாங்க. நாங்க பார்த்த யூடியூப் வீடியோவும் அதே லிஸ்ட்டைத்தான் சொல்லுச்சு.

மூணாவது நாள் அது சாப்பிடல. தேங்காய் நார்த்தூளுக்குள்ள புதைஞ்சு கிடந்துச்சு. தூங்குதுன்னு விட்டுட்டோம். சாயங்காலம் ஏதோ தோணி, புராஜெக்ட்டுக்கு வாங்கின சென்சாரை நார்த்தூளுக்குள்ள சொருகிப் பார்த்தேன். 37 டிகிரி. மறுநாள் காலையில அது உயிரோட இல்ல.

சென்சார் என் மேஜையிலேயே மூணு நாளா சும்மா கிடந்துச்சுங்கிறதுதான் எனக்கு இன்னும் உறுத்துது.

அந்த வீடியோக்கள் பொய் சொல்லல. அதை எடுத்தவங்க வீட்டுல குளிர்காலத்துல ரூம் 18 டிகிரிக்குப் போயிடும், அவங்களுக்கு ஹீட்டர் வேணும். இந்தத் தவளைக்குத் தோதான சூடு 24-லிருந்து 28 டிகிரி. 30-ஐத் தாண்டி அப்படியே நின்னா ஆபத்து. சென்னையில ஏப்ரல் மாசம், ஃபேன் மட்டும் ஓடுற ஹாஸ்டல் ரூம்ல, ஹீட்டரே இல்லாம அந்த எல்லையைத் தாண்டிடுவோம். நமக்குத் தேவை கூலிங்.

"அர்ஜென்டினா, பராகுவே பக்கம் அது வாழுற இடத்துலயும் வெயில் கொளுத்துமே?"ன்னு கேப்பீங்க. கொளுத்தும். ஆனா அங்க சூடு தாங்கலேன்னா தவளை மண்ணைத் தோண்டி உள்ள போயிடும். கீழ போகப் போகக் குளிர்ச்சி. நாம ஹீட் மேட்டை அடியில வச்சா? தப்பிக்கத் தோண்டத் தோண்ட சூடுதான் ஏறும். மலைப்பக்கம் இருக்கறவங்களுக்கு மேட் வேணும்னா கூட, தொட்டியோட பக்கவாட்டுச் சுவர்ல, தெர்மோஸ்டாட்டோட மட்டும் ஒட்டுங்க. ஃபீட்பேக் இல்லாத ஹீட்டர் என்ன பண்ணும்னு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்ச நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

அதனால முதல்ல வாங்க வேண்டியது தெர்மாமீட்டர். ஒரு வாரம் காலி தொட்டியில வச்சு, மதியம் ரெண்டு மணி ரீடிங்கை எழுதுங்க. 30-க்கு மேல போச்சுன்னா அந்த ரூம்ல தவளை வேணாம். ஃப்ரீஸர்ல வச்ச தண்ணி பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே சாய்ச்சு வைக்கலாம்தான். கரண்ட் போன ரெண்டு மணி நேரத்துக்கு அது போதும், மே மாசம் முழுக்க ஓட்ட முடியாது.

லைட் விஷயம் சின்னது. பகல் 12 மணி நேரம் சூடாகாத எல்.இ.டி, ராத்திரி முழு இருட்டு. அந்த சிவப்பு பல்பு வேண்டவே வேண்டாம். குறைஞ்ச அளவு யு.வி.பி டியூப் இருந்தா நல்லது, ஒதுங்க நிழலும் இருக்கணும். வெயில் காட்டுறேன்னு தொட்டியை ஜன்னல்ல வைக்காதீங்க. கண்ணாடி யு.வி.பி-யைப் பெரும்பாலும் நிறுத்திடும், சூட்டை மட்டும் உள்ள பிடிச்சு வச்சுக்கும்.

சாப்பாடு: குஞ்சுக்குத் தினமும். அதோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல இருக்கிற அகலத்தை விடப் பெரிய பூச்சி கூடாது. கடையில வளர்த்து விக்கிற சின்ன கிரிக்கெட் பூச்சிகள் சரியா இருக்கும். அதுங்களுக்கு முதல் நாள் கேரட், கீரை போட்டு, கொடுக்கும்போது கால்சியம்–டி3 பவுடர்ல புரட்டிக் கொடுங்க. வளர்ற வயசுல கால்சியம் குறைஞ்சா எலும்பு வளைஞ்சுடும். மெஸ் கரப்பான் பூச்சி ஃப்ரீன்னு யோசிக்காதீங்க, அது மருந்து அடிச்ச கரப்பானா இருக்கும். தவளை தண்ணியைத் தோல் வழியாத்தான் உறிஞ்சும், அதனால குளோரின் நீக்கின தண்ணிதான் வைக்கணும். அப்புறம், ஒரு தொட்டிக்கு ஒண்ணுதான். ரெண்டு விட்டா ஒண்ணு இன்னொண்ணை முழுங்கிடும்.

இதெல்லாம் கத்துக்கலாம். ஆனா நம்ம கோர்ஸ் நாலு வருஷம். ஒழுங்கா வளர்த்தா இந்தத் தவளை பத்து வருஷம் கூட இருக்கும். செமஸ்டர் லீவுல உயிரோட இருக்கிற கிரிக்கெட் டப்பாவோட பஸ் ஏறணும், வீட்டுல அம்மா சம்மதிக்கணும். ப்ளேஸ்மென்ட் புனேவுல கிடைச்சா அங்கயும் இதே கதை. "முடியலேன்னா ஏரியில விட்டுடலாம்"னு ஒருத்தன் கேன்டீன்ல சொன்னான். அங்கதான் எனக்குக் கோபம் வந்துச்சு. தவளைகளைக் கொல்ற கைட்ரிட் பூஞ்சை உலகம் முழுக்கப் பரவினதுல விலங்கு வியாபாரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2019-ல வந்த ஆய்வுக் கணக்குப்படி, அந்த நோயால குறைஞ்சுபோன நீர்நில வாழ்வி இனங்கள் 501, அதுல 90 அழிஞ்சே போயிருக்கலாம். வேற எங்கயும் இல்லாத தவளைகள் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில இருக்கு. கடையில வாங்கினதை வெளியே விடுறது கருணை இல்ல.

எங்க ஃப்ளோர் ஜூனியர் ஒருத்தன் இப்ப அதே தவளை வாங்கணும்னு நிக்கிறான். நான் அவன்கிட்ட என் சென்சாரை மட்டும் கொடுத்திருக்கேன். ரெண்டு நாளா ரீடிங் 32, 33-ன்னு வருது, முகம் தொங்கிப்போச்சு. பழைய ஹீட் மேட் என் கட்டிலுக்கு அடியிலதான் கிடக்கு. குன்னூர்ல வீடு இருக்கிறவங்க மட்டும் வந்து கேளுங்க.