போவின் பெயரால்

எட்கர் ஆலன் போ என்றதும் படித்த நண்பர்கள்கூட குடிகாரன், பித்தன், கல்லறை என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தச் சித்திரத்தைத் தீட்டியது போவின் எதிரி. 1849 அக்டோபர் 7 அன்று பால்டிமோரில் போ இறந்தார். இரண்டே நாளில் 'லுட்விக்' என்ற புனைபெயரில் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் ஒரு வசைக்குறிப்பு வந்தது. எழுதியவர் ரூஃபஸ் கிரிஸ்வோல்ட். பிறகு அவரே போவின் நூல்களுக்குப் பதிப்பாசிரியருமானார். 1850இல் போவின் கடிதங்களைத் திரித்துத் தன் கட்சிக்குச் சாட்சியாக்கினார். ஆர்தர் ஹாப்சன் குவின் 1941இல் இந்த மோசடியை விவரமாக அம்பலப்படுத்திவிட்டார். வங்கியில் கையெழுத்தை ஒத்துப் பார்ப்பது என் பிழைப்பு. பொய்க் கையெழுத்து என்று நிரூபணமான காசோலையை இலக்கிய உலகம் மட்டும் இன்னும் பாஸ் செய்துகொண்டிருக்கிறது.

போ குடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அவர் பத்திரிகை ஆசிரியர், தாட்சண்யமற்ற விமர்சகர், கவிதை எப்படிக் கட்டப்படுகிறது என்று 1846இல் கட்டுரை எழுதியவர். 'ஸ்டைலஸ்' என்று பெயர் வைத்துவிட்டு, அந்தப் பத்திரிகைக்குச் சந்தா தேடிக் கடைசிவரை அலைந்தார். ஒரு இதழும் வரவில்லை. இந்தப் பக்கங்களைப் படிப்பவர்களுக்கு இதைவிட நெருங்கிய உறவுக்காரன் யார்?

கிரிஸ்வோல்டின் வேலையைச் சினிமா தொடர்ந்தது. ரோஜர் கார்மன் 1960 முதல் 1964 வரை வரிசையாக எடுத்த படங்களில் மூடுபனி, சிலந்திவலை, சவப்பெட்டி. பெரும்பாலும் வின்சென்ட் பிரைஸ். படத்துக்குப் படம் திரும்ப வரும் அதே நெருப்புக் காட்சி. 1963இல் வந்த 'தி ஹாண்டட் பேலஸ்' லவ்கிராஃப்டின் கதை. தலைப்பு மட்டும் போவின் கவிதையுடையது. அவர் பெயர் விலைபோயிற்று, எழுத்து தேவைப்படவில்லை.

'தி டெல்-டேல் ஹார்ட்' 1843இல் வந்த கதை. தான் பைத்தியமில்லை என்று நிரூபிக்க ஒருவன் தன் கொலையைப் படிப்படியாக, நிதானமாக விவரிக்கிறான். கதையின் பயங்கரம் அந்த நிதானம். 1953இல் யு.பி.ஏ. நிறுவனம் எடுத்த கார்ட்டூன் படம் இதைப் புரிந்துகொண்டது. கொலைகாரனின் கண்வழியாகவே பார்க்கிறோம். ஜேம்ஸ் மேசனின் குரல் பேசுகிறது. சில நிமிஷங்கள்தான். கார்மனின் மாளிகைகள் அத்தனையும் அதன் முன் வெறும் அட்டை.

பித்தன் எழுதினான் என்றால் நமக்கு வசதி. அந்தப் பயம் அவனோடு போயிற்று. தெளிந்த புத்தியோடு எழுதினான் என்றால் அந்தக் குரல் நமக்குள்ளும் இருக்கலாம். கிரிஸ்வோல்டும் கல்லறைப் படங்களும் விற்றது அந்த வசதியைத்தான். நான் வாங்குவதாயில்லை.